பென்சன் வயசு வரட்டும் எண்டு பொறுத்தா நடமாடுற காசு கிடைக்குமா?

அம்மாவுக்கு 64, ரெண்டு முழங்காலும் வாதம், லண்டன்ல இருக்கிறம், பென்சன் வரேக்க எல்லாத்தையும் ஒண்டா எழுதிப் போடுவம் எண்டு அம்மா சொல்லுறா, பொறுக்கலாமா எண்டு கேட்டிருக்கிறீங்கள். பொறுக்க வேண்டாம். இந்தக் கிழமையே பிப்புக்கு (PIP, வருத்தம், ஏலாமை உள்ளவைக்கு அரசாங்கம் குடுக்கிற காசு) போன் அடியுங்கோ, போன் அடிக்கிற நாள்தான் விண்ணப்பிச்ச நாளாக் கணக்கு.

விசயம் என்னெண்டா, பென்சன் வயசுக்கு முதல் கேட்டா பிப், அதில ரெண்டு பங்கு இருக்கு, ஒண்டு குளிக்க, உடுப்பு மாத்த, சமைக்க எண்டு வீட்டுத் தேவைக்கு, மற்றது வெளியில நடமாடுறதுக்கு. பென்சன் வயசு தாண்டி முதல் தரமா கேட்டா அற்றெண்டன்ஸ் அலவன்ஸ் எண்ட பராமரிப்புக் காசு மட்டும்தான், அதில நடமாடுற பங்கு எண்ட ஒண்டே இல்லை, ரெண்டு காலும் முற்றா ஏலாமப் போனாலும் இல்லை. 2025-26 கணக்குப்படி அற்றெண்டன்ஸ் அலவன்ஸ் கிழமைக்கு 73.90 பவுண் இல்லாட்டி 110.40. பிப்பின்ர வீட்டுத் தேவைப் பங்கும் அதே தொகைதான், ஆனா நடமாடுற பங்கு அதுக்கு மேலால 29.20 அல்லது 77.05 வரும். அந்த 77.05 வருசத்துக்கு 4000 பவுண், அதோட அந்தக் காசைக் கட்டி வாடகைக்கு எடுக்கிற மோட்டபிலிட்டி காருக்கான உரிமையும் அதுக்குள்ளதான் இருக்கு.

எங்கட குடும்பத்திலயே ரெண்டு விதமும் இருக்கு. மாமா 63 வயசில பிப் எடுத்தவர், ஒருக்கா எடுத்தா பென்சன் வயசு தாண்டியும் தொடரும், இப்ப எழுபது கடந்தும் வருது, கார் வாசல்ல நிக்குது, மச்சான் ஓடுறார். பெரியம்மாவுக்கு 69ல பக்கவாதம். மாமாவை விட அவவுக்குத்தான் கஷ்டம், வலக்கால் இழுபடும், அறைக் கதவிலயிருந்து பாத்ரூமுக்குப் போக ஒரு கையால சுவரையும் மற்றக் கையால வோக்கரையும் பிடிச்சுக்கொண்டு இடையில ஒருக்கா நிண்டு மூச்சு வாங்குவா. அவவுக்கு நடமாட ஒரு சதமும் இல்லை. 1976ல மொபிலிட்டி அலவன்ஸ் தொடங்கேக்கயே வயசெல்லை போட்டவை, பேர் மாறி மாறி வந்தும் அந்தக் கோடு மட்டும் அழியேல்லை. ஏலாமை எவ்வளவு எண்டு பார்க்காமல் எந்த வயசில வந்தது எண்டு பார்த்துக் காசு குடுக்கிறது எனக்கு ஞாயமாப் படேல்லை, அதை எத்தினை தரமும் சொல்லுவன்.

இன்னொண்டு, அம்மா 1961 மார்ச் 6 அல்லது அதுக்குப் பிறகு பிறந்தவ எண்டா அவவின்ர பென்சன் வயசு 66 இல்லை, 67. நேரம் இருக்குத்தானே எண்டு விடாதேங்கோ. ஏனெண்டா பென்சன் வயசுக்குப் பிறகு வருத்தம் கூடினாலும் நடமாடுற பங்கு கூடாது, அதில குறைஞ்ச தொகை எடுத்தவை அதிலயே நிக்க வேண்டியதுதான், அந்தப் பங்கே இல்லாமல் போனவை பிறகு புதுசா எடுக்க ஏலாது. வீட்டுத் தேவைப் பங்கை மட்டும்தான் கூட்டச் சொல்லிக் கேட்கலாம், அதுவும் கேட்க முதல் இலவசமா ஆலோசனை சொல்லுற சிற்றிசன்ஸ் அட்வைஸ் அல்லது ஏஜ் யூகேயோட கதையுங்கோ, திரும்பப் பார்க்கேக்க குறையவும் கூடும்.

அதால முதல் ஃபோம்தான் முக்கியம். எங்கட அம்மாமார் ஃபோமிலயும் போனிலயும் சொல்லுறது "ஓம் நடப்பன், கோயிலுக்கு நடந்துதான் போறனான்" எண்டு. உண்மை என்னெண்டா மகன் கோயில் வாசல்ல இறக்கி விடுவான், செருப்புக் கழட்டுற இடத்தில ஒருக்கா இருப்பா, உள்ளுக்குப் போய்க் கதிரையில ஒருக்கா இருப்பா, அடுத்த நாள் முழங்கால் வீங்கிக் கட்டிலால எழும்பமாட்டா. இது முழுக்க எழுத வேணும். கூடின பங்குக்கு 20 மீற்றர்தான் கணக்கு, ரெண்டு டபிள் டெக்கர் பஸ் ஒண்டுக்குப் பின்னால ஒண்டு நிக்கிற நீளம் எண்டு வையுங்கோ, அதுக்கு மேல நடக்க ஏலுமா எண்டதை, பாதுகாப்பா, திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள்ள ஏலுமா எண்டு சேர்த்துத்தான் பார்க்க வேணும், அது சட்டத்திலயே இருக்கு. ஒருக்கா பல்லைக் கடிச்சுக்கொண்டு நடந்தது நடந்ததாகாது. நேர்முகத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கோ, நீங்களும் பக்கத்தில இருக்கலாம்.

வயசு தாண்டினவை வாசிச்சா மனம் விடாதேங்கோ, வேற வாசல்கள் இருக்கு. அற்றெண்டன்ஸ் அலவன்ஸுக்கு வருமானம், சேமிப்பு ஒண்டும் பார்க்கிறேல்லை, பார்க்க ஆள் வச்சிருக்கவும் தேவையில்லை, ஆறு மாசமா உதவி தேவைப்பட்டிருந்தாப் போதும், வாற காசை டாக்சிக்குச் செலவழிச்சாலும் ஒருத்தரும் கணக்குக் கேட்கமாட்டினம். ஏலாதவைக்குக் கார் நிப்பாட்டக் குடுக்கிற புளூ பேட்ஜுக்கு வயசெல்லை இல்லை, கவுன்சிலுக்கு எழுதுங்கோ. வீல்செயாருக்கு ஜிபியிட்டச் சொன்னா என்எச்எஸ் வீல்செயார் பகுதிக்கு அனுப்புவார். இங்கிலாந்தில கைபிடி, சின்னச் சரிவுப்பாதை மாதிரி 1000 பவுணுக்குள்ள முடியிற வேலைகளைக் கவுன்சில் இலவசமாச் செய்யும், குளியலறை மாத்திறது, படி லிஃப்ட் எண்டா 30,000 பவுண் வரைக்கும் கிராண்ட் இருக்கு, அதுக்கு மட்டும் வருமானம் பார்ப்பினம். லண்டன்ல டயல்-எ-ரைட் (ஏலாதவையை வீட்டில வந்து ஏத்துற வான்), டாக்சிகார்ட் (டாக்சிக்குக் கழிவு குடுக்கிற கார்ட்) ரெண்டையும் எங்கட ஆக்கள் குறைவாத்தான் பாவிக்கினம், பெரியம்மா டாக்சிகார்ட்டிலதான் இப்ப வெளியில போய் வாறா. ஸ்கொட்லாந்தில பேர்கள் வேற, பென்சன் வயசுக்குப் பிறகு நடமாடுற பங்கு இல்லை எண்டது அங்கயும் அதேதான்.

அண்மையில விசாவில கூப்பிட்ட அம்மா அப்பா எண்டா, பொது உதவி எடுக்கக்கூடாது எண்டு விசாவில இருக்கா எண்டு பார்த்திட்டு எழுதுங்கோ, பிறகு விசாப் பிரச்சினை வரும்.

ஊருக்குப் போய் மூண்டு நாலு மாசம் நிக்கிறவையும் கவனிக்க வேணும். பிப், அற்றெண்டன்ஸ் அலவன்ஸ் ரெண்டும் தற்காலிகமா வெளிநாடு போனா 13 கிழமை வரைக்கும்தான் வரும், வைத்தியத்துக்கெண்டே போனா 26. நாலு கிழமைக்கு மேல போறதெண்டா ஏற முதல் போன் அடிச்சுச் சொல்லுங்கோ, சொல்லாமல் போனா எடுத்த காசைத் திருப்பிக் கேட்கவும் கூடும்.