சைகை மொழிக்காரர்களின் ஞாபகம்: கேள்வி பதில்

என் அப்பா அம்மா இருவருக்கும் காது கேட்காது, எனக்குக் கேட்கும். மந்தைவெளியில் சைகையும் தமிழும் சேர்ந்தே கற்று வளர்ந்தேன், இப்போது சைகை மொழிபெயர்ப்பு வேலை. வந்த கேள்விகளில் சில:

கே: (பெரம்பூர்) ஏழு எண்களைக் கேட்டால் நான் வரிசையாகத் திருப்பிச் சொல்லிவிடுவேன். காது கேளாத என் தம்பி, 22 வயது, சைகையில் காட்டினால் ஐந்தோடு நிற்கிறான். ஞாபக சக்தி குறைவோ?

இல்லைங்க. பேச்சில் ஏழு, சைகையில் ஐந்து என்பதுதான் பொதுவான அளவு. அமெரிக்காவில் பாவெலியே குழுவினர் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு மொழியும் தெரிந்த, காது கேட்கிறவர்களுக்கே சைகையில் எண்ணிக்கை குறைந்தது. நானும் அப்படித்தான்: ஃபோன் நம்பரை வாயால் சொன்னால் பத்தும் நிற்கும், அம்மா கையில் காட்டினால் பாதியில் தடுமாறுவேன். காது, ஒலியை வந்த வரிசையிலேயே கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும். கண்ணுக்கு அந்தப் பழக்கம் குறைவு. வரிசை முக்கியமில்லாமல், நினைவில் வைத்த சொற்களைக் கொண்டு வாக்கியம் அமைக்கச் சொன்னபோது பேசுகிறவர்களும் சைகைக்காரர்களும் சமம். ஆகவே ஒரே ஒரு எண் சோதனையை வைத்துத் தம்பியை எடை போடாதீர்கள்.

கே: (உளவியல் மாணவி) நாம் மனசுக்குள் சொல்லிப் பார்ப்போம். அவர்கள்?

கையால் சொல்லிப் பார்ப்பார்கள். மயிலாப்பூர் மாட வீதியில் அம்மாவோடு காய்கறி வாங்கப் போனால் கவனிப்பேன்: பைக்குப் பின்னால், இடுப்போரம், விரல்கள் லேசாக அசையும். வெண்டைக்காய், தேங்காய், கற்பூரம். முணுமுணுப்பு மாதிரிதான், சத்தம் மட்டும் கிடையாது. 1997-ல் வில்சன், எம்மோரி என்ற ஆய்வாளர்கள் காட்டியதும் இதைத்தான்: கைகளுக்கு வேறு வேலை கொடுத்தால் நினைவு குறைகிறது, கை வடிவம் ஒத்த சைகைகளை அடுக்கினால் குழப்பம் வருகிறது. தவறுவதிலும் சைகைதான் தெரியும். நாம் ‘பல்’லையும் ‘கல்’லையும் குழப்புவோம், அமெரிக்கச் சைகையில் ‘டீ’யும் ‘ஓட்டு’ம் மாறிப்போகும், கையை ஆட்டும் விதம் மட்டுமே வேறு என்பதால். (தேர்தல் நேரத்தில் நமக்கும் மாறலாம்!)

கே: உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வார்களாமே?

‘பாடு’, ‘மாடு’ இரண்டையும் கண்ணாடி முன் சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். அவ்வளவுதான்.

கே: (ஒரு அப்பா) மகளுக்கு மூன்று வயது. முதலில் பேச்சு வரட்டும், சைகை அப்புறம் என்கிறார்கள்.

இந்த ‘அப்புறம்’ எனக்குக் கோபம் வரவழைக்கும் சொல். இங்கிலாந்தில் 2015-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், பிறந்ததிலிருந்தே சைகை பார்த்து வளர்ந்த காது கேளாத குழந்தைகள், சொல் தேவைப்படாத நினைவுச் சோதனைகளில் கேட்கும் குழந்தைகளுக்குச் சமமாக நின்றார்கள். தாமதமாகச் சைகைக்கு வந்தவர்கள்தான் பின்தங்கினார்கள். காதுக் கருவி, பேச்சுப் பயிற்சி எல்லாம் நடக்கட்டும் சார், சைகையும் கூடவே நடக்கட்டும். இன்று ராத்திரி சாப்பிடும்போது சோறு, தண்ணி, போதும் என்ற மூன்றிலிருந்து ஆரம்பியுங்கள்.