கேளுங்கள், சொல்கிறோம்: கப்புச்சினோவும் லாட்டேயும் ஒன்றா?

கேள்வி: தஞ்சாவூரில் புதிதாகத் திறந்த காபி கடைக்குப் பேத்தி கூட்டிப்போனாள். எனக்குக் கப்புச்சினோ, அவளுக்கு லாட்டே. இரண்டிலும் பால், காபி, மேலே நுரை. பெயர் தவிர என்ன வித்தியாசம்? அடியில் இருப்பது நம்ம ஃபில்டர் டிகாக்ஷன்தானே?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: இல்லை அம்மா, வித்தியாசமே டிகாக்ஷனில்தான் தொடங்குகிறது. நம் ஃபில்டரில் வெந்நீர் தானாகப் பொடிக்குள் இறங்கிச் சொட்டுச் சொட்டாகக் கீழே சேர, கால் மணி நேரமாவது ஆகும். அந்தக் கடை மெஷினில் நைசாக அரைத்த பொடியை இறுக்கி அமுக்கி, காற்றழுத்தத்தைப் போல சுமார் 9 மடங்கு அழுத்தத்தில் வெந்நீரைத் தள்ளுகிறார்கள், 25, 30 வினாடியில் 30 மில்லி அளவுக்குக் கெட்டியாக இறங்கிவிடும், மேலே பொன்பழுப்பாக ஒரு மெல்லிய ஆடை நிற்கும். அதுதான் எஸ்பிரஸோ. அந்த ஆடை அழுத்தம் இல்லாமல் வராது, அதனால் நம் ஃபில்டரில் அதைப் பார்க்க முடியாது.

அப்புறம் பால். நாம் பொங்கக் காய்ச்சி, டபராவுக்கும் டம்ளருக்கும் ஆற்றி நுரை வரவழைக்கிறோம், அதில் குமிழ் பெரிது, இரண்டு வாய் குடிப்பதற்குள் அடங்கிவிடும். அவர்கள் பாலுக்குள் நீராவியைச் செலுத்தி 60, 65 டிகிரியிலேயே நிறுத்திவிடுவார்கள், குமிழ் கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடிசாக இருப்பதால் நுரை கடைசி வரை நிற்கும். (சூடு பற்றவில்லை என்று நம்மவர்கள் அங்கே குறைப்படுவது இதனால்தான்.) எஸ்பிரஸோவின் மேல் அந்தப் பாலைக் கொஞ்சமாக ஊற்றி நுரையைத் தடிமனாக விட்டால் கப்புச்சினோ, பாலைத் தாராளமாக ஊற்றி நுரையை மெல்லிசாக விட்டால் லாட்டே. கப்புச்சினோவில் காபி தூக்கலாகத் தெரியும், லாட்டேயில் பால். பாலே இல்லாமல் எஸ்பிரஸோவில் வெந்நீர் விட்டால் அமெரிக்கானோ. காபி ருசி பிடிக்கும் என்றால் அடுத்த முறையும் கப்புச்சினோவே சொல்லுங்கள்.

கேள்வி: பைபாஸ் ரோட்டில் பத்தடிக்கு ஒரு கும்பகோணம் டிகிரி காபி போர்டு. பித்தளை டம்ளரில் கொடுத்தால் டிகிரி காபி ஆகிவிடுமா?
- ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: ஆகாது. பாத்திரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. தண்ணீர் கலக்காத பசும்பால், முதல் டிகாக்ஷன், கேட்ட பிறகு கலப்பது, இந்த மூன்றும்தான் டிகிரி காபி. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று காட்டும் லாக்டோமீட்டரை விட்டுப் பார்த்துத் தேறிய பாலில் போட்டதால் இந்தப் பெயர் என்று கும்பகோணத்துப் பக்கம் சொல்வார்கள். ஒரே பொடியில் இரண்டாம் முறை, மூன்றாம் முறை வெந்நீர் ஊற்றி எடுத்த டிகாக்ஷனில் கசப்புதான் மிஞ்சும், மணம் போயிருக்கும். கலப்பதற்கு முன் டம்ளரில் விடும் டிகாக்ஷனை முகர்ந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

சிக்கரியையும் கவனியுங்கள். அது ஒரு செடியின் வேர், அதில் காஃபின் கிடையாது, நிறமும் கெட்டியும் தரும். அளவாக இருந்தால் பாலோடு நன்றாகவே சேரும், காபி 80, சிக்கரி 20 என்ற விகிதத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 49 சதவீதம் வரை சட்டம் அனுமதிப்பதால் கறுப்பாக இருப்பதை எல்லாம் ஸ்ட்ராங் என்று நம்பிவிடாதீர்கள். பாக்கெட்டில் விகிதம் அச்சிட்டிருக்கும், படித்துப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: மெஷின் இல்லாமல் வீட்டு ஃபில்டரிலேயே கப்புச்சினோ போட முடியுமா?
- ஒரு கல்லூரி மாணவி, திருவாரூர்

பதில்: அச்சு அசலாக வராது, பக்கத்தில் வரலாம். சிக்கரி கலக்காமல், பீபெர்ரி அல்லது பிளான்டேஷன் ஏ ரகக் காபிக்கொட்டையைக் கடையில் புதிதாக வறுத்து அரைத்து வாங்கி, பொடியை வழக்கத்தைவிட அதிகமாகப் போட்டு, தண்ணீரைக் குறைத்து முதல் டிகாக்ஷன் மட்டும் எடு. பாலைக் கொதிக்க விடாமல், ஓரத்தில் ஆவி கிளம்பியதும் இறக்கி, பேட்டரியில் சுற்றுகிற சின்ன மத்தால் அடி. முதலில் டிகாக்ஷன், அதன்மேல் பால், கடைசியில் நுரையைக் கரண்டியால் எடுத்து வை. சர்க்கரையை டிகாக்ஷனிலேயே கரைத்துவிடு, பிறகு கலக்கினால் நுரை உடைந்துவிடும்.