தபால் வேலை: ‘இரண்டாம் லிஸ்ட்’ என்று காசு கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: எனது மகள் தபால் சேவை உத்தியோகத்தர் பதவிக்கான திறந்த போட்டிப் பரீட்சை எழுதினாள். வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலில் அவளது சுட்டெண் இல்லை. இணையத்தில் அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டால் தரவு இல்லை என்று வருகிறது. கொழும்பில் ஆள் இருக்கிறது, இரண்டாம் லிஸ்டில் பெயரைச் சேர்க்கலாம் என்று தெரிந்த ஒருவர் காசு கேட்கிறார். என்ன செய்வது? (கொடிகாமத்திலிருந்து ஒரு தந்தை)

பதில்: ஐயா, முதலில் காசை வீட்டிலேயே வையுங்கள். மற்றதைப் பிறகு பார்ப்போம்.

மகளின் பெறுபேறு என்னவென்று உங்களுக்கு இன்னும் தெரியாது. தரவு இல்லை என்று திரை சொன்னால் பிள்ளை தவறிவிட்டாள் என்று எடுக்கக் கூடாது. நீங்கள் அடித்த இலக்கம் அந்தப் பரீட்சையின் பதிவில் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அனுமதி அட்டையைத் தேடி எடுத்து, அதிலுள்ள சுட்டெண்ணைப் போட்டுப் பாருங்கள். சுட்டெண்ணுக்கு முன்னும் பின்னும் வெற்றிடம் விழாமல் அடிக்க வேண்டும். வாட்ஸ்அப்பிலிருந்து நகல் எடுத்து ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒன்றும் கூடவே ஒட்டிக்கொள்ளும்.

அனுமதி அட்டை தொலைந்திருந்தால் அடையாள அட்டை இலக்கம்தான் வழி. அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஒரு எழுத்தும் இருக்கும். புதியதில் பன்னிரண்டு இலக்கங்கள், எழுத்துக் கிடையாது. மகள் பழைய அட்டையோடு விண்ணப்பித்துவிட்டு, இடையில் அட்டை தொலைந்தோ பழுதாகியோ புதியது எடுத்திருந்தால், கையில் இருக்கும் இலக்கம் வேறு, விண்ணப்பத்தில் எழுதிய இலக்கம் வேறு. விண்ணப்பத்தில் எழுதியதையே அடியுங்கள். அது நினைவில்லாவிட்டாலும் கண்டுபிடிக்கலாம். பழைய இலக்கத்தின் முன்னால் 19 சேர்த்து, பழைய இலக்கத்தின் முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பிறகு ஒரு 0 நுழைத்து, எழுத்தை விட்டுவிட்டால் வருவதுதான் புதிய இலக்கம். புதியதிலிருந்து பழையதற்குப் போக, தொடக்கத்திலுள்ள 19ஐயும் அந்த 0ஐயும் நீக்கிவிட்டு எழுத்தைச் சேர்க்க வேண்டும். இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள். 2000ஆம் ஆண்டிலோ அதற்குப் பின்னரோ பிறந்த பிள்ளைகளுக்கு இந்தத் தலையிடி இல்லை.

பரீட்சையின் பெயரைத் தெரிவு செய்யும்போதும் கவனம் வேண்டும். திறந்த போட்டிப் பரீட்சை வெளியிலிருந்து சேர்பவர்களுக்கு. மட்டுப்படுத்தப்பட்டது ஏற்கெனவே சேவையில் இருப்பவர்களுக்கு. பெயர்கள் ஒரே மாதிரி நீளமாக இருப்பதால் தொலைபேசித் திரையில் கடைசிச் சொற்கள் மறைந்துவிடும். ஆண்டையும் பாருங்கள். இந்த நாட்டில் ஓர் ஆண்டுக்குரிய பரீட்சை அடுத்த ஆண்டில் நடப்பது வழமையாகிவிட்டது. 2023க்குரிய சாதாரண தரப் பரீட்சையையே 2024 மே மாதத்தில்தான் நடத்தினார்கள்.

இனி அந்த வாட்ஸ்அப் பட்டியல். அது எதன் பட்டியல்? தலைப்பில் பரீட்சையின் முழுப்பெயர் இருக்கிறதா, திகதி இருக்கிறதா, எல்லாப் பக்கங்களும் வந்திருக்கின்றனவா? கடைசிப் பக்கம் இல்லாத பட்டியலைப் பார்த்து அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும். பரீட்சைத் திணைக்களத்தின் அல்லது தபால் திணைக்களத்தின் தளத்தில் நீங்களே திறந்து பார்க்காத எதையும் பட்டியல் என்று எண்ண வேண்டாம். அரச தளங்களின் முகவரி பெரும்பாலும் ‘கவ் டொட் எல்கே’ என்று முடியும். பரீட்சைத் திணைக்களத்தின் ‘டொனெட்ஸ் டொட் எல்கே’ அப்படி முடியாவிட்டாலும் அது உண்மையானதுதான். சந்தேகம் இருந்தால் பரீட்சைத் திணைக்களத்தின் 1911க்கு அழையுங்கள். 1919 அரசாங்கத் தகவல் நிலையத்திலும் தமிழில் கேட்கலாம். மாகாண சபைக்கும் ஆளுநர் பணிமனைக்கும் அலைய வேண்டாம். தபால் மத்திய அரசின் விடயம். அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்திலேயே அது மத்திய அரசுக்கென ஒதுக்கப்பட்ட நிரலில் இருக்கிறது. அங்கே மனு கொடுத்தால் வாங்கி வைப்பார்கள், வேறெதுவும் நடக்காது.

பரீட்சைத் திணைக்களம் பரீட்சையை நடத்திப் புள்ளியைத் தரும். யாரை நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பது என்பதைத் தபால் திணைக்களம் வெற்றிடங்களின் எண்ணிக்கையைப் பார்த்து, புள்ளி வரிசையில் மேலிருந்து எடுக்கும். ஆகவே குறைந்தபட்சப் புள்ளியைத் தாண்டுவதும் தெரிவாவதும் ஒன்றல்ல. அழைக்கப்பட்டவர்களில் சிலர் வராமல் விடுவார்கள், சிலருடைய சான்றிதழ்கள் தள்ளுபடியாகும். அப்போது வரிசையில் அடுத்து நிற்பவர்களுக்குக் கடிதம் போகலாம். ஊரில் ‘இரண்டாம் லிஸ்ட்’ என்று பேசப்படுவது இதுதான். அதுவும் புள்ளி வரிசைப்படியே போகும்.

இந்த அரை உண்மையில்தான் தரகர் கடை விரிக்கிறார். பத்துக் குடும்பத்தில் காசு வாங்குவார். ஒருவரையும் பார்க்க மாட்டார், ஓர் அலுவலகத்துக்கும் போக மாட்டார். பத்தில் இரண்டு பிள்ளைகள் தங்கள் புள்ளியாலேயே தெரிவாகிவிட்டால் அந்தக் காசு அவருடையது, புகழும் அவருடையது. மற்ற எட்டுப் பேருக்கு ‘மேலிடத்தில் மாற்றம், அடுத்த முறை பார்ப்போம்’ என்பார். நேர்மையானவர் என்று பெயரெடுக்கப் பாதியைத் திருப்பியும் கொடுப்பார். நேர்முகத்தில் புள்ளி போடுவிக்கிறேன் என்று சொன்னால் வர்த்தமானி அறிவித்தலை அவர் முன் விரித்து வையுங்கள். ‘பொது நேர்முகப் பரீட்சை’ என்று இருந்தால் அதில் புள்ளியே கிடையாது. சான்றிதழ்களைச் சரிபார்ப்பதோடு சரி. இல்லாத புள்ளியை எப்படிப் போடுவிப்பார்? இன்னொன்று: இலஞ்சம் வாங்குபவர் மட்டுமல்ல, கொடுப்பவரும் சட்டத்தின் முன் குற்றவாளி. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1954. அதை அவர் காதில் விழச் சொல்லிப் பாருங்கள், ஆளைப் பிறகு காணக் கிடைக்காது.

தரகருக்கு இவ்வளவு இடம் எப்படிக் கிடைத்தது என்றால், திணைக்களங்கள் வாய் திறப்பதில்லை. வெட்டுப்புள்ளி என்ன, எத்தனை பேரை எடுத்தார்கள், இன்னும் எத்தனை வெற்றிடம் என்று தெளிவாக ஒரு பக்கத்தில் போட்டால் பாதித் தரகர்கள் வேறு தொழில் தேடுவார்கள். வர்த்தமானியைத் தமிழில் வாசித்து விண்ணப்பிக்கிறோம்; அடியில் மூன்று மொழிகளுக்கிடையில் முரண்பாடு வந்தால் சிங்களப் பிரதியே செல்லும் என்று ஒரு வரி. தமிழ்ப் பிரதியை ஒழுங்காக மொழிபெயர்த்தால் அந்த வரிக்கு வேலை இருக்காது.

அவர்களாகச் சொல்லாவிட்டால் நாங்கள் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தபால் திணைக்களத்தின் தகவல் அலுவலருக்கு மகளின் பெயரிலேயே தமிழில் எழுதுங்கள். அவளது புள்ளி, வரிசையில் அவளது இடம், கடைசியாக அழைக்கப்பட்டவரின் புள்ளி ஆகிய மூன்றையும் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

விண்ணப்பித்த பிறகு வீடு மாறியிருந்தால் புதிய முகவரியை இரண்டு திணைக்களங்களுக்கும் உடனே எழுதி அனுப்புங்கள். தபால் வேலைக்கான அழைப்புக் கடிதமே தபாலில் பிந்தி வந்து, அடுத்த நாள் கொழும்பில் நிற்க இரவு பஸ் பிடித்து ஓடியவர்கள் உண்டு.

பெறுபேறு நல்லதாக இருந்தால் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தரச் சான்றிதழ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். தகப்பன் பெயரின் ஆங்கில எழுத்து ஒன்றில் ஒரு மாதிரி, மற்றதில் வேறு மாதிரி இருப்பது எங்கள் பக்கத்தில் சாதாரணம். வேறுபாடு இருந்தால் அழைப்பு வரும்வரை காத்திருக்காமல் சத்தியக் கடதாசியை இப்போதே முடித்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதி பழுதாகி இருந்தால் பிரதேச செயலகத்தில் புதிய பிரதி எடுக்கலாம்.