அப்பா போட்ட ஸ்டூல்

கேள்வி: மன்னார்குடியில் அப்பா நடத்திவந்த ஜவுளிக் கடையை மூன்று ஆண்டுகளாக நான் பார்த்துக்கொள்கிறேன். அப்பா வீட்டில் ஓய்வில் இருக்கிறார். காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பது வரை வியாபாரம். வருகிறவர்கள் நாலு புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு வாங்காமல் போய்விடுகிறார்கள். விற்பனைக்கு நிற்கும் நான்கு பெண்களையும் என் குடும்பம் போலத்தான் நடத்துகிறேன். ஆனால், சிரித்த முகத்தோடு பேசுங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை. மத்தியானமானால் உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று, அப்பா போட்டிருந்த ஸ்டூல்களையும் எடுத்துவிட்டேன். வாடிக்கையாளரைக் கவனிக்க இவர்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது? சென்னையிலிருந்து பயிற்சியாளரை வரவழைக்கலாமா?

பதில்: தம்பி, பயிற்சியாளர் இருக்கட்டும். அந்த ஸ்டூல்களை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

ஓட்டல்காரர், மருந்துக் கடைக்காரர், நகைக் கடைக்காரர் என்று இதே கேள்வியை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். எல்லோருக்கும் வேலையாட்களின் சிரிப்பு வேண்டும். அவர்களுடைய கால்களைப் பற்றி ஒருவரும் எழுதியதில்லை. நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், அதுவும் போகிற போக்கில் ஒரு வரி. உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான்.

என் அத்தை மகள் ஒரு பெரிய துணிக் கடையில் பதினொரு ஆண்டுகள் நின்றாள். இரவு வீட்டுக்கு வந்து திண்ணையில் காலை நீட்டுவாள். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினால் விழுகிற குழி உடனே மேலே வராது. அடிக்கடி கழிப்பறைக்குப் போனால் சூப்பர்வைசர் முறைப்பார் என்று பகல் முழுவதும் தண்ணீர் குடிக்க மாட்டாள். அவளிடம் போய் இன்முகம் கேட்க எனக்கு வாய் வராது.

உங்கள் வியாபாரத்துக்கே வருகிறேன். ஒரு தாயார் வந்து மயில் கழுத்து நிறத்தில் புடவை கேட்கிறார். அது மேல் தட்டில் இருக்கிறது. ஏறி எடுக்க வேண்டும், பிரிக்க வேண்டும், பிடிக்கவில்லை என்றால் திரும்ப மடித்து வைக்க வேண்டும். ஏழு மணி நேரமாக நின்றுகொண்டிருப்பவள் என்ன சொல்வாள்? 'அந்தக் கலர் இல்லையே அம்மா' என்பாள். உங்கள் சரக்கு தட்டிலேயே இருக்கிறது, வாடிக்கையாளர் பக்கத்துக் கடையில் இருக்கிறார். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இது தெரியப்போவதில்லை. ஆமாம், நீங்கள் உட்கார்ந்துதான் இருக்கிறீர்கள்.

சட்டமும் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் முதலில் கழிப்பறை கேட்டுப் போராடினார்கள், பிறகு உட்காரும் உரிமை கேட்டார்கள். 2018இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். கடையில் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் உட்கார வசதி செய்து தர வேண்டும் என்கிறது அது. நீங்கள் எடுத்தது அவர்களுக்குச் சட்டப்படி சேர வேண்டியதை. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம்தான் வேலை என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஒன்பதரைக்குத் திறந்து ஒன்பதுக்கு மூடும் கடையில் ஷிப்ட் எப்படிப் போடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை.

கற்றுக்கொடுக்க வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது, மறுக்கவில்லை. சுங்குடிப் புடவையை முதல் தடவை தனியாக நனைக்கச் சொல்ல வேண்டும், சாயம் போகும். பருத்தி லைனிங் துணியை நனைத்துக் காயவைத்த பிறகே தையலுக்குக் கொடுக்கச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ரவிக்கை சுருங்கிப்போகும். மாப்பிள்ளைக்கு என்று கேட்டு வருகிறவரிடம், வேட்டி நாலு முழமா எட்டு முழமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். இழை விட்டுப்போன புடவையை ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தால், உங்கள் முகத்தைப் பார்க்காமல் மாற்றிக் கொடுக்கும் அதிகாரம் அந்தப் பெண்களுக்கு இருக்க வேண்டும். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம். இதையெல்லாம் உங்கள் அப்பாவே ஒரு மாலை வந்து சொல்லிக்கொடுத்துவிடுவார்.

'குடும்பம் போல' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நம்மை நம்பி ஒருவர் வேலைக்கு வந்துவிட்டால் அவருடைய உடம்புக்கும் நாம் பொறுப்பு. அப்படித்தான் என்னை வளர்த்தார்கள், இந்த வயதிலும் அதை மாற்றிக்கொள்ள எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. சட்டம் வருவதற்கு முன்போ பின்போ, யாரும் சொல்லாமலே உங்கள் அப்பா ஸ்டூல் போட்டிருக்கிறார். எடுப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இன்று இரவு சாப்பிடும்போது கேளுங்கள், எதற்காகப் போட்டீர்கள் அப்பா என்று. அவர் சொல்வதை நடுவில் பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாளைக் காலை அந்தப் பெண்கள் வருவதற்கு முன்பே போய், எடுத்துவைத்த ஸ்டூல்களை நீங்களே துடைத்து, இருந்த இடத்தில் போடுங்கள். வேலையாளை விட்டுப் போடச் சொல்ல வேண்டாம். போட்டவுடன் அவர்கள் உட்கார்ந்துவிட மாட்டார்கள், பயம் இருக்கும். அதனால் ஒரு வாரத்துக்கு, வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில், கல்லாவிலிருந்து அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காதீர்கள்.