சோனார் கேலிப்ரேஷன்: மகளை அனுப்பலாமா?

ஐயா, இ.சி.இ. மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள் ஐ.டி. பயிற்சி வகுப்பை விட்டுவிட்டு, "தண்ணீருக்குள் ஒலியை அளக்கும் வேலைதான் வேண்டும்" என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒலியைக் கொண்டு நீருக்கடியில் இருப்பதை அறியும் சோனார் கருவி சரியாக அளக்கிறதா என்று சோதிக்கும் கேலிப்ரேஷன் வேலை அது. கடலில் இறங்கும் வேலையோ என்பது உங்கள் முதல் பயம். வேலை கிடைக்குமா என்பது அடுத்த பயம்.

முதல் பயம் வேண்டாம். இந்த வேலையில் பெரும்பகுதி ஒரு தொட்டிக் கரையில்தான். பள்ளிக்கரணையில் என்.ஐ.ஓ.டி. எனப்படும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தில் 16 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், 7 மீட்டர் ஆழத்தில் அப்படியொரு தொட்டி இருக்கிறது. ஒலி எழுப்பும் டிரான்ஸ்டியூசரையும் அதைக் கேட்கும் ஹைட்ரோபோனையும் அதில் இறக்கி, இவ்வளவு ஒலி அழுத்தத்துக்கு இவ்வளவு வோல்ட், இந்தத் திசையில் இவ்வளவு என்று அளந்து சான்றிதழ் தருவார்கள்.

கேட்க எளிது, சிக்கல் எதிரொலியில் இருக்கிறது. தொட்டியின் நடு ஆழத்தில் இரண்டையும் 2 மீட்டர் இடைவெளியில் வைத்தால், நேராக வரும் ஒலிக்கும் நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒலிக்கும் இடையே 3.5 மில்லிசெகண்டுதான் கிடைக்கும். நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடுகிறதே! அந்த நேரத்துக்குள் அளந்து முடிக்க வேண்டும். 1 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு ஆயிரம் அலையில், அதற்குள் மூன்றரை அலைதான் வரும். தாழ்ந்த அதிர்வெண்ணுக்குத் தொட்டி போதாது என்பதால்தான், பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் கொச்சியிலுள்ள என்.பி.ஓ.எல். ஆய்வகம் இடுக்கி நீர்த்தேக்கத்தில் குளமாவில் சோதனை மையம் வைத்திருக்கிறது. டிரான்ஸ்டியூசரில் ஒட்டிய காற்றுக்குமிழிகூட அளவைக் கெடுக்கும். பொறுமை இல்லாதவருக்கு இந்தத் துறை சரிவராது. உங்கள் மகளின் பொறுமையை நீங்கள்தான் அறிவீர்கள்.

இரண்டாவது பயம் நியாயமானது. துறை சின்னது. ஆய்வகங்களில் ஒப்பந்த அடிப்படையிலான ப்ராஜெக்ட் வேலைகள் உண்டு. நிரந்தர வேலைக்குப் போட்டி அதிகம். சோனார் தயாரிக்கும் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பெல்) நிறுவனம் இன்னொரு வாசல். துறைமுக ஆழம் அளக்கும் சர்வே நிறுவனங்களும் ஆள் எடுக்கின்றன. அங்கே ஒலியால் ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டர் கருவிக்குக் கீழே தெரிந்த ஆழத்தில் தகட்டைத் தொங்கவிட்டுச் சரிபார்ப்பார்கள். அதற்குப் படகில் ஏறித்தான் ஆக வேண்டும்.

ஆகவே, போகட்டும், ஆனால் சோனாரை மட்டும் நம்பிப் போக வேண்டாம். அளவீட்டு எஞ்சினியராகத் தயாராகட்டும். சிக்னல் ப்ராசஸிங், பைத்தான், அளவீட்டுப் பிழையைக் கணக்கிடும் முறை ஆகியவற்றைக் கற்றால் மருத்துவ அல்ட்ராசவுண்ட், உலோகச் சோதனை, கார் சென்சார் எல்லாவற்றிலும் இடம் உண்டு. எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வை விட்டுவிட வேண்டாம்.

இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்குப் பெரிய வசதி தேவையில்லை. ஒரு மீட்டர் விட்டமுள்ள சின்டெக்ஸ் டேங்கில் ஒரு மீட்டர் தண்ணீர், நடு ஆழத்தில் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் 100 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸ்டியூசர் இரண்டு, கல்லூரி லேபின் ஆசிலோஸ்கோப் போதும். எதிரொலி வருவதற்குள் 40 அலைக்கு மேல் கிடைக்கும். அந்த அளவீடுகளை இணைத்து, துறைத்தலைவர் கடிதத்துடன் இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அதுவரை ஐ.டி. வகுப்பில் கோடிங் பகுதியை மட்டும் தொடரட்டும். கட்டிய பணமும் வீணாகாது.