தெற்கு பார்த்த கூரை இல்லாத வீட்டில் சோலார் எப்படிப் போடுவது?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்களுடையது கிழக்கு வாசல் வீடு. முன்பக்கம் பழைய ஓட்டு வீடு, ஓடு கிழக்கும் மேற்குமாகச் சரிகிறது. பின்னால் மொட்டைமாடி, கிழக்கு மேற்காக 24 அடி, தெற்கு வடக்காக 20 அடி. கன்னி மூலையில் தண்ணீர்த் தொட்டி. இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் ஓடுகிறது. சோலார் போட வந்த ஒருவர், தெற்கு பார்த்து எட்டடி உயரத்துக்கு இரும்புச் சட்டம் கட்டியே ஆக வேண்டும், அதற்கு 35,000 ரூபாய் தனி என்கிறார். இன்னொருவர் ஓட்டின் மேலேயே போட்டுவிடலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

இரண்டும் வேண்டாம். மாடியிலேயே, தாழ்வான சட்டத்தில், கிழக்குப் பாதியில் போடுங்கள்.

முதலில் திசையைப் பார்ப்போம். தெற்கு, தெற்கு என்று எல்லோரும் சொல்வது தப்பில்லை, ஆனால் டெல்லிக்கு அது எவ்வளவு முக்கியமோ அவ்வளவு நமக்கு இல்லை. பாலக்காட்டுப் பக்கம் நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ 10.7 டிகிரி வடக்கே. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிவெயில் நேர் தலைக்கு மேலே நிற்கும், நடுவில் உள்ள நாலு மாதம் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். ஆனால் அந்த நாலு மாதத்தில் பாதிக்கு மேல் மழை மேகம். நன்றாகக் காய்கிற டிசம்பர் முதல் மார்ச் வரை சூரியன் தெற்கே இருப்பதால்தான் தெற்குச் சாய்வுக்குக் கொஞ்சம் மதிப்பு. எவ்வளவு மதிப்பு? பத்து டிகிரி சாய்வில் தெற்கு பார்த்து வைத்த பேனலுக்கும் கிழக்கு பார்த்து வைத்ததற்கும் வருடக் கணக்கில் வித்தியாசம் தோராயமாக 2, 3 சதவீதம்தான். இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் என்றால் நாளைக்குப் பத்து யூனிட், அதற்கு 3 கிலோவாட் போதும். 3 கிலோவாட் நம் பக்கம் சராசரியாக ஒரு நாளைக்கு 12 யூனிட், வருடத்துக்கு 4,380 யூனிட் தரும். அதில் 3 சதவீதம் 130 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தாலும் வருடத்துக்கு 900 ரூபாய். அதற்காக 35,000 போட்டால் திரும்ப எடுக்க 38 வருடம் ஆகும், பேனலுக்குத் தரும் உத்தரவாதமே 25 வருடம். உங்கள் மாடியில் தாழ்வான சட்டத்தையே தெற்கு பார்த்து வைக்க முடியும் என்பதால் அந்த 900 ரூபாயைக்கூட நீங்கள் இழக்கப்போவதில்லை. வீடு தெற்கிலிருந்து இருபது முப்பது டிகிரி திரும்பியிருந்தாலும் கைப்பிடிச்சுவரை ஒட்டியே நேராக வையுங்கள், பேனலைத் திருகி வைத்து இடத்தை வீணாக்க வேண்டாம்.

சாய்வு பத்து டிகிரிக்குக் குறையவும் வேண்டாம். அதைவிடப் படுத்துக் கிடந்தால் மழைத் தண்ணீர் சரியாக வடியாமல் பேனலின் கீழ் விளிம்பில் செம்மண் ஒரு கோடாகப் படிந்து காய்ந்துவிடும், துணி வைத்துத் தேய்த்தால்தான் போகும். அதிகமாக நிமிர்த்தினாலும் சிக்கல்தான், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி வீசும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் பயப்படுவது நிழலுக்கு. நம் வீடுகளில் தொட்டியைக் கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில்தான் வைப்போம். டிசம்பரில் மதியத்துக்கு மேல் சூரியன் சரியாக அந்தப் பக்கம்தான் இறங்குகிறது. மாடித் தரையிலிருந்து பத்தடி உயரமுள்ள தொட்டியின் நிழல் மாலை மூன்று மணிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று அடி நீண்டு வடகிழக்கே விழும். ஒரு பேனலின் ஓரத்தில் நிழல் பட்டாலே அந்தப் பேனலின் உற்பத்தி பெரிதாகச் சரியும், வரிசை முழுக்க ஒரே இணைப்பில் இருந்தால் மற்றவற்றையும் பாதிக்கலாம். வேலந்தாவளம் பக்கம் ஒரு வீட்டில் காலையில் மட்டும் உற்பத்தி குறைகிறது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் பக்கத்துத் தோப்பில் ஒற்றைத் தென்னை, அதன் மட்டை நிழல் ஒன்பதரை மணி வரை இரண்டு பேனல் மேல் ஆடிக்கொண்டிருந்தது. போடும்போது அந்த மரம் இவ்வளவு உயரம் இல்லை.

அதனால் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு காலை 9, மதியம் 12, மாலை 3 மணிக்கு மாடி ஏறி, தொட்டி, மாடிப்படி அறை, மரம் எல்லாவற்றின் நிழலையும் தரையில் கோடு போடுங்கள். டிசம்பரில் செய்தால் ரொம்ப நல்லது, அப்போது நடுப்பகலில்கூட நிழல் பொருளின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீளும். கோட்டுக்குள் வராத இடம்தான் பேனலுக்கு. உங்களுக்கு வேண்டிய 3 கிலோவாட்டுக்கு ஆறு பேனல், மூன்று மூன்றாக இரண்டு வரிசை, நடுவில் ஆள் நடக்க இரண்டடி விட்டால் கிழக்குப் பாதியில் அடங்கிவிடும்.

ஓட்டுக் கூரையை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், ஒரு பேனல் 27, 28 கிலோ, அதைப் பழைய கைமரத்தில் கொக்கி போட்டுப் பிடித்து, கழுவ ஆள் ஏறும்போதெல்லாம் ஓடு உடைந்து ஒழுகினால் அந்தச் செலவு யார் தலையில்? ஓட்டைத் தவிர வேறு இடமே இல்லாதவர்கள் முதலில் கைமரத்தை ஆசாரியிடம் காட்டிவிட்டு, மேற்கைவிடக் கிழக்குச் சரிவில் போடட்டும். துலாவர்ஷத்தில், அதாவது ஐப்பசி மழைக்காலத்தில், நமக்கு மதியத்துக்கு மேல்தான் மேகம் கட்டி இடி இடிக்கிறது, காலை வெயில் பெரும்பாலும் தெளிவாகக் கிடைக்கும், பேனலும் அப்போது சூடேறியிருக்காது. இரண்டு சரிவிலும் போட்டால் இரண்டையும் ஒரே இணைப்பில் கோர்க்காமல், தனித்தனி உள்ளீடு உள்ள இன்வெர்ட்டர் (பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவி) கேளுங்கள்.

உயரச் சட்டம் ஒரு காரணத்துக்குத்தான் நியாயம்: கீழே தேங்காய் உலர்த்தவோ துணி காயப்போடவோ மாடி வேண்டும் என்றால். அப்போது அது மாடிக்கான செலவு, மின்சாரக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மானியத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவதற்கு 18,000, ஆக 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் மானியம் ஏறாது. பேனலும் அதற்குள் இருக்கும் சூரிய செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். விலைப்பட்டியல் கேட்கும்போது சட்டத்தின் சாய்வு, துருப்பிடிக்காத பூச்சு, இடி தாங்கி, எர்த்திங் நான்கையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பக்கத்தில் தோப்பு இருந்தால், நாளைக்கு மரம் வளர்ந்து நிழல் விழாமலிருக்க தோப்புக்காரரிடமும் இப்போதே ஒரு வார்த்தை பேசிவையுங்கள்.