லேப்டாப் சூடு, ஃபேன் இரைச்சல்: மலையில் இருப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்

நீலகிரியின் பல ஊர்களிலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. எல்லோருக்கும் பொதுவாக ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் முன், உள்ளே உண்டாகும் சூடு எந்த வழியாக வெளியேறுகிறது, அந்த வழியை எது அடைக்கிறது என்று பாருங்கள். நிறையப் பேருக்குச் செலவில்லாமலே சரியாகிவிடும்.

குன்னூரிலிருந்து ஒருவர்: அண்ணா, வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை பார்க்கிறேன். இங்கே பகலிலேயே ஸ்வெட்டர் போட வேண்டியிருக்கிறது. ஆனால் மாலையானால் லேப்டாப் ஃபேன் ஓயாமல் இரைகிறது. குளிர் ஊரில் எப்படிச் சூடாகும்?

அறை குளிர்ந்திருப்பது நல்லதுதான். ஆனால் அந்தக் குளிர்ந்த காற்று உள்ளே போக வேண்டுமே. பிராசசரில், அதாவது கணக்கு வேலையெல்லாம் செய்யும் முக்கியச் சிப்பில், உண்டாகும் சூட்டை ஒரு செம்புக் குழாய் ஓரத்துக்குக் கொண்டுபோகிறது. அங்கே மெல்லிய தகடுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். ஃபேன் பெரும்பாலும் அடிப்பக்கத் துளைகள் வழியாகக் காற்றை இழுத்து, அந்தத் தகடுகளின் இடுக்கு வழியாக வெளியே தள்ளும். மாலையில் மட்டும் இரைகிறது என்கிறீர்கள். குளிர் ஏறியதும் கட்டிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அதன் மேலேயே லேப்டாப்பை வைத்து வேலை பார்க்கிறீர்களா? அப்படியானால் அடித்துளைகள் முழுசாக மூடிவிடும். கம்பளி இழைகளையும் ஃபேன் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு பலகையோ பரீட்சை அட்டையோ வைத்து அதன் மேல் வையுங்கள். இன்றைக்கே வித்தியாசம் தெரியும்.

உயரத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு குறைவு. காற்று லேசாக இருப்பதால், அதே சூட்டை வெளியே எடுக்க ஃபேன் கூடுதலாகச் சுற்ற வேண்டும். குன்னூர் கொஞ்சம் கீழே இருப்பதால் இது சற்றுக் குறையும், அவ்வளவுதான். இதனால் லேப்டாப்புக்கு ஆபத்து எதுவும் இல்லை. 3,000 மீட்டர் வரை இயங்கும் என்று பெரும்பாலான லேப்டாப்களின் விவரக் குறிப்பிலேயே இருக்கும். நம் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான்.

அருவங்காட்டிலிருந்து ஒரு மாணவர்: கேம் ஆடும்போது 95 டிகிரி காட்டுகிறது. பிராசசர் எரிந்துபோகுமா?

எரிந்துபோகாது தம்பி. பெரும்பாலான பிராசசர்களுக்கு எல்லை 95-லிருந்து 105 டிகிரிக்குள் இருக்கும். எல்லையைத் தொட்டதும் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கேம் திடீரென்று திக்கித் திணறுவது அதனால்தான். அதையும் மீறிச் சூடு ஏறினால் மெஷின் தானாக அணைந்துவிடும். ஆனால் தினமும் மணிக்கணக்கில் இப்படி ஓடினால் பக்கத்தில் இருக்கும் பேட்டரி சீக்கிரம் மூப்படையும். விண்டோஸில் பவர் பிளானின் அட்வான்ஸ்டு செட்டிங்கில், பிராசசரின் அதிகபட்ச அளவு 100 என்று இருக்கும். அதை 99 ஆக்கிப் பாருங்கள். பல மெஷின்களில் டர்போ வேகம், அதாவது தேவைப்படும்போது வழக்கத்தைவிடக் கூட்டிக்கொள்ளும் வேகம், நின்றுவிடும், சூடு நன்றாகவே இறங்கும். எல்லா மாடலிலும் இந்த செட்டிங் தெரியாது. தெரியாவிட்டால் கேமுக்குள்ளேயே ஃபிரேம் எண்ணிக்கையை (ஒரு நொடிக்குத் திரையில் வரும் படங்களை) 60-க்குக் கட்டுப்படுத்துங்கள்.

மஞ்சூர் பக்கம் ஒரு டீ ஃபேக்டரி அலுவலகத்திலிருந்து: சார், எங்கள் கணக்கு லேப்டாப்பைச் சுத்தம் செய்து கொஞ்ச நாளிலேயே திரும்பவும் இரைச்சல் வந்துவிடுகிறது. வெளியிலிருந்து ஊதிப் பார்த்தோம், பலனில்லை.

உங்கள் நிலைமை மற்றவர்களுடையதைவிடக் கஷ்டமானது. தேயிலையைத் தரம் பிரிக்கும் சார்ட்டிங் ரூமிலிருந்து பறக்கும் ஃப்ளஃப் இருக்கிறதே, அந்தப் பழுப்புப் பஞ்சு, அது சாதாரணத் தூசு மாதிரி உதிர்ந்து விழாது. நம் ஊர் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். இப்படிப்பட்ட மெஷினைத் திறந்தால், ஃபேன் இறக்கைகளில் அவ்வளவாக ஒன்றும் இருக்காது. ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவே, அந்த ஒரு விரல் அகல இடத்தில், கம்பளித் துண்டு மாதிரி ஒரு படலம் படிந்திருக்கும். இடுக்கியால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழுசாக ஒரே துண்டாக வரும். வெளியிலிருந்து ஊதினால் இந்தப் படலம் ஃபேன் பக்கம் நகர்ந்துவிட்டு, மறுபடி ஆன் செய்ததும் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. பலன் இல்லாததற்குக் காரணம் அதுதான்.

அதனால் அடிமூடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். முழுசாக ஷட்டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள். மூடி திறந்ததும் முதல் வேலையாக பேட்டரி கனெக்டரை எடுத்துவிடுங்கள். ஸ்க்ரூக்கள் ஒரே நீளமாக இருக்காது, எது எங்கே இருந்தது என்று போனில் படம் எடுத்து வையுங்கள். ஃபேனை ஒரு பல்குச்சியால் சுற்றாமல் பிடித்துக்கொண்டுதான் காற்று அடிக்க வேண்டும். பிடிக்காமல் அடித்தால் அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங் கெட்டுவிடும். வீட்டு வேக்குவம் கிளீனரை உள்ளே நுழைக்காதீர்கள், நிலைமின்சாரம் போர்டைப் பதம் பார்த்துவிடும். சுத்தம் செய்த பிறகு லேப்டாப்பை சார்ட்டிங் ரூமுக்கு ஒட்டாத அறைக்கு மாற்றுங்கள். இடத்தை மாற்றாமல் எத்தனை முறை சுத்தம் செய்தாலும் இதே கதைதான்.

கோத்தகிரியிலிருந்து ஒரு ஆசிரியை: ஃபேனில் கரகரவென்று சத்தம். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடலாம் என்கிறார்கள். விடலாமா?

வேண்டாம் டீச்சர். இரண்டு நாள் சத்தம் அடங்கும், அப்புறம் அந்த எண்ணெயில் தூசு சேர்ந்து ஃபேன் இறுகிவிடும். முதலில் சத்தத்தைக் கவனியுங்கள். வேகம் கூடக்கூட 'உஸ்' என்று பெருகினால் அது வெறும் காற்றுச் சத்தம், ஃபேன் நன்றாக இருக்கிறது. டிக்டிக்கென்று ஒரே சீராக வந்தால் ஏதோ ஒயரோ நூலோ இறக்கையில் உரசுகிறது. கரகரப்பு, அதுவும் லேப்டாப்பைச் சாய்த்துப் பிடித்தால் மாறுகிறது என்றால் பேரிங் தேய்ந்துவிட்டது. ஃபேனை மாற்றுவதுதான் வழி. மாடல் எண்ணைச் சரியாகச் சொல்லி வாங்குங்கள். ஒரே பெயரில் வரும் லேப்டாப்களுக்குள்ளேயே ஃபேன் வேறுபடும்.

பிங்கர்போஸ்ட்டிலிருந்து: தெர்மல் பேஸ்ட் மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். உண்மையிலேயே தேவையா?

பிராசசரின் சூடு செம்புக் குழாய்க்குப் போக, இரண்டுக்கும் நடுவே பூசும் பசைதான் தெர்மல் பேஸ்ட். அதை மாற்றத் தேவையா என்று வெளியே வரும் காற்றைக் கையால் தொட்டுப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். காற்று பலமாகவும் நல்ல சூடாகவும் வந்தால், சூடு ஒழுங்காக வெளியேறுகிறது. நீங்கள் கொடுக்கும் வேலைதான் அதிகம். காற்று குறைவாக, ஆனால் கொதிக்கக் கொதிக்க வந்தால் தூசு அடைப்பு. பிராசசர் 90-ஐத் தாண்டியும் வெளியே வரும் காற்று பலமாக, வெதுவெதுப்பாக மட்டும் வந்தால், பிராசசரின் சூடு செம்புக் குழாய்க்கே போகவில்லை. அப்போதுதான் பேஸ்ட் காய்ந்துவிட்டதா என்று சந்தேகப்பட வேண்டும். சில வருடங்கள் ஓடிய மெஷினில் இது சகஜம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தலைகுந்தாவிலிருந்து: இங்கே உறைபனிக் காலத்தில் வெளித் திண்ணையில் வைத்து ஓட்டினால் சூடு குறையுமா?

சூடு குறையும், ஆனால் வேறு வினை வரும். வெளியே நன்றாகக் குளிர்ந்த லேப்டாப்பை, அடுப்பு எரியும் அறைக்குள் கொண்டுவந்தால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். மூக்குக் கண்ணாடி மங்குகிறதே, அதேதான் போர்டு மேலும் நடக்கிறது. காலையில் பைக்கில் கொண்டுபோய் அலுவலகத்தில் உடனே ஆன் செய்பவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். பையிலிருந்து எடுக்காமல் அரைமணி நேரமாவது விட்டுவிட்டு ஆன் செய்யுங்கள்.

கூடலூரிலிருந்து: சூடாகிறது, டச்பேடும் கொஞ்சம் மேலே எழும்பி இருக்கிறது. இந்த மழைக்கு ஈரத்தில் உப்பிவிட்டதா?

இது ஈரம் இல்லை. பேட்டரி உப்பியிருக்கிறது. இப்போதே ஆஃப் செய்து சார்ஜரை எடுத்துவிடுங்கள். அழுத்தி உள்ளே தள்ளுவதோ குத்துவதோ கூடவே கூடாது, தீப்பிடிக்கும். மெத்தை, திரைச்சீலை பக்கத்தில் வைக்காதீர்கள். கடையில் கொடுத்து பேட்டரியை மாற்றிய பிறகுதான் மறுபடி ஆன் செய்ய வேண்டும்.

கேத்தியிலிருந்து: ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே ஃபேன் ஓடுகிறது.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். சி.பி.யூ. என்ற தலைப்பைத் தட்டினால் அதிகம் தின்பது மேலே வந்து நிற்கும். விண்டோஸ் அப்டேட்டோ ஆன்டிவைரஸ் ஸ்கேனோ என்றால் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள், முடிந்ததும் அடங்கும். பிரவுசர் என்றால் டேப்களை மூடுங்கள். பெயரே புரியாத ஏதோ ஒன்று எப்போதும் மேலே இருந்தால் ஒரு முழு ஸ்கேன் ஓட்டுங்கள்.

லவ்டேலிலிருந்து: வாரன்டி இன்னும் இருக்கிறது. நானே திறக்கலாமா, கோவைக்குக் கொண்டுபோகவா?

வாரன்டி இருக்கும்வரை திறக்காதீர்கள். சர்வீஸ் சென்டருக்கு முதலில் போன் செய்து கேளுங்கள். சில திட்டங்களில் ஆளே வீட்டுக்கு வருவார், மலை இறங்க வேண்டியதில்லை. எங்கே கொடுத்தாலும், கொடுப்பதற்கு முந்தைய நாள் உங்கள் ஃபைல்களை எல்லாம் ஒரு ஹார்டு டிஸ்கில் காப்பி எடுத்துவிடுங்கள். ஃபேன் எந்த நேரத்தில், என்ன வேலை செய்யும்போது இரைகிறது என்று போனில் ஒரு வீடியோவும் எடுத்து வையுங்கள். கடைக்குப் போனதும் சத்தம் வராமல் இருந்தால் அதைக் காட்டலாம்.